நாரோபோட் என்னும் ஒடுக்கமான கால்வாய்ப் படகின் இன்ஜினுக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது. ஸ்டெர்ன் கிளாண்டை இறுக்கினால் நின்றுவிடுமா?

உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். நான் எடுத்துத்தான் பட்டேன்.

இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய் ஒன்றில் நாரோபோட் வாங்கிய முதல் அக்டோபர். இன்ஜினுக்கு அடியில் நாலு விரல் தண்ணீர். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகும் ஓட்டையை அடைப்பதுதான் ஸ்டெர்ன் கிளாண்ட். வேறெங்கிருந்து வரும் என்று அதன் இரண்டு நட்டையும் இறுக்கித் தள்ளிவிட்டேன். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தித் தொட்டால், கை வைக்க முடியாத சூடு. அப்படியே விட்டிருந்தால் உள்ளே ஷாஃப்டைச் சுற்றியிருக்கும் கயிறு போன்ற பேக்கிங் கருகி, ஷாஃப்டிலும் தடம் விழுந்திருக்கும். தண்ணீரோ குறையவே இல்லை!

அப்புறம்தான் புத்தி வந்தது. நட்டைத் தளர்த்தி, கிளாண்டுக்கு அடியில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை வைத்து, மற்ற இடத்தைத் துடைத்துச் செய்தித்தாள் விரித்தேன். இரவெல்லாம் மழை. காலையில் டப்பாவில் சில சொட்டு, செய்தித்தாள் தொப்பல். என்னுடையது க்ரூஸர் ஸ்டெர்ன் படகு. பின்தளம் முழுக்கப் பலகை, அதன் கீழே இன்ஜின். பலகை ஓரத்து வடிகாலில் இலை அடைத்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

படகு ஓடும்போது கிளாண்ட் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு விட்டால் பரவாயில்லை, அது ஷாஃப்டுக்குக் குளிர்ச்சி. நின்றபின் சொட்டக் கூடாது. தினமும் பயணம் முடிந்ததும் கிளாண்டுக்குள் கிரீஸ் தள்ளும் கிரீஸரின் கைப்பிடியைக் கனம் தெரியும்வரை திருகுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் இரண்டு நட்டையும் சமமாக, கொஞ்சமே கொஞ்சம் இறுக்குங்கள். நட்டில் இனி இறுக்க இடமே இல்லை என்றால் பேக்கிங் மாற்ற வேண்டும். படகு தண்ணீரில் இருக்கும்போது பழசை உருவினால் கால்வாய் உள்ளே வரும், அதனால் முதல் தடவை தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

இன்னொன்று, வீட் ஹாட்ச். படகுக்குள்ளிருந்தே ப்ரொப்பல்லருக்குக் கைவிட, அதற்கு மேலே இருக்கும் மூடி போட்ட திறப்பு. ப்ரொப்பல்லரில் சுற்றிய பிளாஸ்டிக் பையை எடுத்துவிட்டு மூடியைச் சரியாகப் பொருத்தாமல் கிளம்பினால், ப்ரொப்பல்லரே தண்ணீரை உள்ளே தள்ளும். படகு மூழ்கிவிடும். மூடியபின் கட்டிய நிலையிலேயே கியர் போட்டுப் பாருங்கள்.

தண்ணீர் ஏறினால் தானே ஓடும் ஃப்ளோட் சுவிட்ச் பம்ப் இருந்தால், மெயின் சுவிட்சை அணைத்தாலும் வேலை செய்யும்படி ஃப்யூஸ் வைத்து பேட்டரியிலிருந்து நேரடி இணைப்பு கொடுங்கள். ஆனால் இன்ஜின் எண்ணெய் கலந்த நீரை அது கால்வாயில் கொட்டினால் சட்டப்படி குற்றம். எண்ணெயை இன்ஜின் தட்டிலேயே உறிஞ்சுதாள் போட்டு எடுத்துவிடுங்கள். பம்ப் எட்டாத கடைசித் தண்ணீருக்கு நான் குழந்தை டயாப்பர் போடுகிறேன். கடையில் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார்கள். பன்னிரண்டு டன் என்று சொல்லவில்லை.