வினையூக்கி கரியைத் தின்னாது

கேள்வி: திருப்பாலைக்குடி அருகே எங்களுக்கு மூன்று ஏக்கர் உவர்நிலம் உண்டு. வழுதூர்ப் பக்கத்து எரிவாயுவில் கரியமில வாயுவே வராமல் ஹைட்ரஜன் எடுக்கப் புது வினையூக்கி வந்திருக்கிறது, நிலத்தோடு 5 லட்சமும் போட்டால் பங்கு என்கிறார் ஒரு தரகர். நம்பலாமா ஐயா?

பதில்: பணம் கட்டாதீர்கள். நிலப் பத்திரத்தையும் கையில் கொடுக்காதீர்கள்.

இன்று பெரும்பாலும் நீராவியோடு சேர்த்துத்தான் எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கரியமில வாயு வெளியேறும். தரகர் சொல்வது இன்னொரு முறை. அதுவும் உண்மையான முறைதான். உங்கள் ஊரில் சீமைக்கருவேலத்துக்கு மூட்டம் போடுவதுபோல, காற்றுப் படாமல் மீத்தேனைச் சுட்டுப் பிளப்பது. ஹைட்ரஜன் பிரிந்துவிடும், கரி தங்கிவிடும். வினையைத் தூண்டிவிடும் பொருளான வினையூக்கி இல்லையென்றால் 1000 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நிக்கல் வினையூக்கி இருந்தால் 600, 700 போதும். அதன் உதவி அவ்வளவே. கிலோ ஹைட்ரஜனுக்கு 3 கிலோ கரி வந்தே தீரும்.

அது வினையூக்கியின் மேலேயே படியும். எங்கள் ஆய்வகத்தில் உளுந்து அளவு நிக்கல் வினையூக்கி மணிகளைக் குழாயில் நிரப்பி ஓட்டினோம். மறுநாள் திறந்தால் மணிகளே இல்லை. நிக்கல் துகளைத் தலையில் சுமந்தபடி கரி மயிரிழையாக வளர்ந்து, மணிகளை நொறுக்கிக் குழாயை அடைத்திருந்தது. தட்டித் தட்டித்தான் எடுத்தோம். படிந்த கரியை எரித்தால் வினையூக்கி மீளும். ஆனால் நாம் தவிர்த்த கரியமில வாயு அங்கே திரும்பி வந்துவிடும். தரகர்கள் இதை மூச்சுவிட மாட்டார்கள்.

'பச்சை ஹைட்ரஜன் மானியம்' என்று காகிதம் நீட்டுவார்கள். 2023 ஆகஸ்டில் மத்திய அரசு வகுத்த வரையறையில் மின்சாரத்தால் நீரைப் பிளக்கும் மின்பகுப்பும் உயிரிப்பொருளும்தான் உண்டு. நிலத்தடி எரிவாயு இல்லை. இதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துத் தாலுகா அலுவலகத்தில் ஒட்ட இத்தனை நாளாக யாருக்கும் கை வரவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சாணம், மீன் கழிவிலிருந்து வரும் வாயு உயிரிப்பொருள் கணக்கில் வரும். ஆனால் மீன் கழிவு வாயுவில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் கந்தக வாயு இருக்கும். நிக்கலுக்கு அது நஞ்சு. முதலில் அதை நீக்க வேண்டும், கூடவே வரும் கரியமில வாயுவைப் பிரிக்க வேண்டும், கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோ கரியமில வாயு என்ற வரம்புக்குள் வருகிறதென்று கணக்குக் காட்டவும் வேண்டும். இத்தனையும் செய்தால்தான் அந்த விதிவிலக்கு.

தரகரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: தினமும் சேரும் கரியை யார் வாங்குகிறார்கள், செத்த வினையூக்கியை எப்படி மீட்கிறார்கள். பதிலை எழுத்தில் கையெழுத்தோடு வாங்குங்கள்.