கேள்வி – பதில்: குதர்க்கமும் விதண்டாவாதமும்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யார் எதிர்த்துப் பேசினாலும் ‘விதண்டாவாதம் செய்யாதீர்கள்’ என்று அடக்கிவிடுகிறார்கள். விதண்டாவாதமும் குதர்க்கமும் ஒன்றுதானா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: ஒன்றல்ல. குதர்க்கம் பேசுபவருக்கு நிலைநாட்ட வேண்டிய கருத்து ஒன்று உண்டு. அதற்கு அவர் காட்டும் காரணம்தான் போலி. விதண்டாவாதிக்கோ நிலைநாட்ட எதுவும் இல்லை. எதிரில் இருப்பவர் சொல்வது நிற்கக் கூடாது, அவ்வளவே.

மழைநீர்த் தொட்டி கட்டலாம் என்று உங்கள் செயலாளர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ‘தொட்டி இல்லாத காலத்திலும் நம் கிணறு வற்றியதில்லை, ஆகவே இது வீண்செலவு’ என்று ஒருவர் வாதிடுகிறார். அன்று மண்தரையாக இருந்த முற்றம் இன்று முழுக்கச் சிமென்ட் தளமாகிவிட்டதைத் தெரிந்தே மறைத்து அவர் இப்படிப் பேசினால் அது குதர்க்கம். இன்னொருவர் எழுந்து, ‘அறிவிப்பில் தேதிக்குக் கீழே கையெழுத்து எங்கே? தொட்டி என்று ஏன் எழுதினீர்கள், குழி என்றல்லவா இருக்க வேண்டும்?’ என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ‘சரி, வேண்டுமா, வேண்டாமா?’ என்று கேட்டால், ‘அதை நான் ஏன் சொல்ல வேண்டும்?’ என்கிறார். இதுதான் விதண்டாவாதம்.

இந்தியத் தருக்கவியலின் மூலநூலான, கௌதம முனிவரின் நியாய சூத்திரம், உண்மையை நாடும் பேச்சை வாதம் என்றும், வெற்றியை நாடுவதை ஜல்பம் என்றும், ஜல்பத்திலேயே தன் பக்கத்தை நிறுவாமல் பேசுவதை விதண்டை என்றும் பிரிக்கிறது. போலிக் காரணங்களைத் தனியே ஐந்தாக வகுக்கிறது. மணிமேகலையில் அறவண அடிகள் பௌத்த மரபின்படி விளக்கும் ஏதுப்போலியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. சொல்லைத் திரிப்பதற்குச் சலம் என்று பெயர். ‘இவன் நவகம்பளம் உடையவன்’ என்று புதுக் கம்பளத்தை ஒருவர் குறிப்பிட, ‘ஒன்பது கம்பளம் எங்கே, ஒன்றுதானே இருக்கிறது?’ என்று மடக்குவது அந்நூலின் உரைகாரர் வாத்ஸ்யாயனர் காட்டும் உதாரணம்; ‘நவ’ என்ற சொல்லுக்குப் புதிய என்றும் ஒன்பது என்றும் பொருள் உண்டு. இன்றைய தொலைக்காட்சி விவாதங்களில் இந்த ரகம் நாள்தோறும் கிடைக்கிறது.

கேள்வி: சொந்தக் கருத்து வைக்காமல் மறுப்பவர் எல்லாரும் விதண்டாவாதிகளா?
– அதே வாசகர்

பதில்: அப்படிச் சொல்ல நான் துணியமாட்டேன். தனக்கென்று ஒரு கோட்பாடும் இல்லை என்று அறிவித்துவிட்டே பிறர் கோட்பாடுகளை ஆராய்ந்தவர் பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ச்சுனர். அவருடைய மறுப்புகள் எழுத்துப்பிழை தேடியவை அல்ல, கோட்பாட்டின் அடித்தளத்தைத் தொட்டவை. கௌதமரும், முளைத்துவரும் பயிருக்கு முள்வேலி போல, தெளிந்த உண்மையைக் காக்க ஜல்பமும் விதண்டையும் உதவும் என்று இடம் கொடுக்கிறார். ஆகவே மறுப்பு எதைத் தொடுகிறது என்று பாருங்கள். ‘தொட்டிக்கான மதிப்பீடு எவ்வளவு, யாரிடம் விலைப்புள்ளி வாங்கினீர்கள்?’ என்று கேட்கும் உறுப்பினர் மாற்றுத் திட்டம் எதையும் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. அவரை விதண்டாவாதி என்று உட்கார வைத்தால், அங்கே குதர்க்கம் பேசியவர் உட்கார வைத்தவர்தான்.