கைடு இருந்தாலும் தேடத் தெரிந்திருக்க வேண்டும்

கேள்வி: சூரிச்சில் வேலை பார்க்கிறேன். நான்கு குளிர்காலமாக ஸ்கீ பழகி, இப்போது சிவப்புப் பாதைகளில் (சற்றுக் கடினமானவை) பயமில்லாமல் இறங்குகிறேன். பிப்ரவரியில் நண்பர்கள் நான்கு பேர் பிரான்சில் உள்ள வால் டிஸேருக்குப் போகிறோம். ஒரு நாள் கைடு அமர்த்திக்கொண்டு ஆஃப்-பிஸ்ட், அதாவது செப்பனிட்ட பாதைக்கு வெளியே, போக ஆசை. என் பழக்கம் போதுமா? என்ன தயாரிப்பு வேண்டும்?

பதில்: போகலாம். காலையில் இறுகிக் கிடக்கும் பனி, மாலையில் குண்டும் குழியுமான பனி என எதிலும் சிவப்புப் பாதையில் நிதானமாக இறங்க முடிகிறதென்றால் முதல் நாளுக்கு அது போதும். ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். செப்பனிட்ட பாதையில் திரும்பும்போது வெளிப்பக்கக் காலில்தான் எடை போடுவோம். ஆழமான புதுப்பனியில் அப்படிச் செய்தால் அந்த ஸ்கீ மட்டும் அமிழ்ந்துபோகும், ஆள் கவிழ்ந்துவிடுவார். அங்கே இரண்டு காலிலும் ஏறக்குறைய சமமாக எடை இருக்க வேண்டும். வாடகைக் கடையில் நடுப்பகுதி 95 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான ஸ்கீயாகக் கேளுங்கள், மிதப்பது எளிதாகும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. கைடு கூட வந்தால் ஆபத்து குறையும், ஆனால் இல்லாமல் போய்விடாது. 2017 பிப்ரவரி 13 அன்று பக்கத்து ஊரான டீஞ்சில் பாதைக்கு வெளியே பனிச்சரிவில் சிக்கி நால்வர் இறந்தார்கள். அவர்களை அழைத்துப்போனவரும் அதில் ஒருவர். முதலில் புதைவது கைடாகவே இருந்தால் அவரைத் தோண்டி எடுக்க வேண்டியவர்கள் நீங்கள் நால்வரும்தான். 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள். அரை மணி தாண்டினால் மூச்சுத்திணறலிலேயே பலர் போய்விடுகிறார்கள். ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க முடியாது.

அதனால் ஒவ்வொருவருக்கும் மூன்று பொருள் கட்டாயம்: புதைந்தவரைத் தேட உதவும், சிக்னல் அனுப்பவும் வாங்கவும் செய்யும் கருவியான டிரான்ஸீவர், மடக்கித் திறக்கும் நீளக் கம்பியான புரோப், உலோகத் தலை உள்ள பனி மண்வெட்டி. பெரும்பாலும் கைடே கொடுப்பார், இருந்தாலும் முன்பதிவின்போது கேட்டுவிடுங்கள். டிரான்ஸீவரை ஜாக்கெட்டுக்கு உள்ளே உடம்போடு கட்டிக்கொள்ள வேண்டும். செல்பேசி அதிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50. முதல்முறை பயிற்சி செய்தபோது என் செல்பேசி நெஞ்சுப் பையிலேயே இருந்தது. புதைந்த கருவி ஏறக்குறைய எத்தனை மீட்டர் தொலைவில் என்று காட்டும் திரையில் 18, 31, 12 என்று எண்கள் தாவின, அம்புக்குறி பின்னாலே திரும்பியது. எங்கே நடப்பதென்றே தெரியாமல் நின்றேன். செல்பேசியை அணைத்ததும் எண் ஒழுங்காகக் குறைய ஆரம்பித்தது.

கிளம்பும் முன் கைடிடம் கேட்டு, ஒரு பையில் டிரான்ஸீவரை வைத்துப் புதைத்து நால்வரும் தேடிப் பாருங்கள். அம்புக்குறி நேராகக் கூட்டிப்போகாது, வளைந்து வளைந்துதான் போகும், அதைப் பின்பற்றுங்கள். எண் 3க்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்துக் குறுக்கும் நெடுக்கும் நகர்த்துங்கள். மிகக் குறைந்த எண் வரும் இடத்தில் தொடங்கி 25 சென்டிமீட்டருக்கு ஒரு முறை சுருள் வட்டமாகப் புரோப்பைக் குத்துங்கள். பட்டதும் அதைப் பிடுங்காமல் விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்டுங்கள். இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்கத் தயங்கும் கைடோடு நான் போகமாட்டேன்.

பிரான்சின் வானிலை அமைப்பான மேத்தியோ-ஃபிரான்ஸ் மறுநாளுக்கான பனிச்சரிவு அறிக்கையை மாலையில் வெளியிடும். வால் டிஸேருக்கு ‘ஓத்-தராந்தேஸ்’ பகுதியைப் பார்க்க வேண்டும். ஆபத்தின் அளவு 1 முதல் 5 வரை. 3 என்றதும் நடுத்தரம்தானே என்று நினைத்துவிடாதீர்கள், உயிரிழப்புகள் நிறைய நடப்பது 3 அறிவித்த நாட்களில்தான். காலையில் கைடிடம், ‘இன்று எந்தத் திசைச் சரிவு ஆபத்து, ஏன்?’ என்று கேளுங்கள். நல்ல கைடு காற்று எந்தப் பக்கம் பனியைக் குவித்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவார்.

வால் டிஸேரில் முதல் நாளுக்குப் பலரும் போவது ‘டூர் டு ஷார்வே’. ஷார்வே பாறையின் பின்புறம் சுற்றி மான்ஷே பள்ளத்தாக்கில் இறங்கும் வழி. அதிகச் செங்குத்து இல்லை. ஆனால் நாம் நிற்கும் இடம் சாய்வு குறைவாக இருந்தால் மட்டும் போதாது, தலைக்கு மேலே என்ன சரிவு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 30 பாகைக்கு மேல் சாய்ந்தவையே பெரும்பாலும் சரிகின்றன. அதனால்தான் சில இடங்களில் கைடு ஒவ்வொருவராக வரச் சொல்வார். அவர் காட்டிய இடத்தில் நில்லுங்கள், அவரைத் தாண்டிக் கீழே போகாதீர்கள், ஸ்கீ கம்பின் வாரிலிருந்து மணிக்கட்டை எடுத்துவிடுங்கள்.

விழுந்து ஸ்கீ கழன்றால் உடனே கீழே தேடாதீர்கள். அது பெரும்பாலும் கழன்ற இடத்திலேயே, நீங்கள் நிற்பதற்கு மேலே, பனிக்கடியில் கிடக்கும்.

அப்புறம் காப்பீடு. பயணக் காப்பீட்டில் ‘ஆஃப்-பிஸ்ட்’ என்ற சொல் எங்கே வருகிறதென்று படித்துப் பாருங்கள். சிலவற்றில் விலக்கு இருக்கும், சிலவற்றில் கைடு கூட இருந்தால் மட்டும் செல்லும். பிரான்சில் லிஃப்ட் பாஸோடு விற்கும் ‘காரே நேஜ்’ என்ற காப்பீடு பாதைக்கு வெளியே நடக்கும் மீட்புச் செலவையும் ஏற்கிறது.

பிப்ரவரி பிரான்சில் பள்ளி விடுமுறைக் காலம், அதனால் கைடுக்கு இப்போதே எழுதுங்கள். பனியாறு உள்ள பக்கம் போவதென்றால் உயர்மலை கைடு வேண்டும், ஸ்கீ ஆசிரியர் அங்கே அழைத்துப்போகக் கூடாது. நால்வரின் திறமையையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மிகவும் பலவீனமான நண்பரைப் பற்றி ஒளிக்காமல் எழுதுங்கள், வழியை அவரை வைத்துத்தான் கைடு முடிவு செய்வார்.