கம்ப்யூட்டருக்குப் பெரிய 4கே திரை: டிவியா, மானிட்டரா? (கேள்வி பதில்)

கடையில் அடுத்தடுத்து வைத்தால் டிவியும் மானிட்டரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மானிட்டர் வந்த சிக்னலை அப்படியே காட்டும். டிவி அதைத் தன் ரசனைக்குத் திருத்திக் காட்டும். கீழே வந்திருக்கும் கேள்விகளில் சில இந்தத் திருத்தத்தால் வந்த வினைதான்.

கேள்வி: சார், கோடிங், எக்செல் ரெண்டும் பார்க்கணும். 55 இன்ச் 4கே டிவியை மேசையில வெச்சுடலாமா? மேசை ஆழம் 75 செ.மீ.

அந்த மேசைக்கு 55 அதிகம். 4கே என்றால் எந்த அளவிலும் 3840×2160 பிக்சல்தான். திரை பெருத்தால் பிக்சலும் பெருக்கும், எண்ணிக்கை கூடாது. ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்று பார்த்தால் 32 இன்ச்சில் 138, 40-ல் 110, 43-ல் 102, 48-ல் 92, 55-ல் 80, 65-ல் 68. நீங்கள் பழகிய 24 இன்ச் ஃபுல் எச்டி மானிட்டரிலும் 92தான். அதாவது 48 இன்ச் 4கே டிவி என்பது நான்கு 24 இன்ச் மானிட்டரை நடுவில் சட்டமில்லாமல் ஒட்டிய மாதிரி.

அடுத்தது தூரம். பார்வைக் கோணத்தின் ஒரு டிகிரிக்குள் 60 பிக்சல் அடங்கினால் சாதாரணக் கண்ணுக்குப் பிக்சல் தனித்துத் தெரியாது. 3438-ஐ அங்குலத்துக்கான பிக்சல் எண்ணால் வகுத்தால் அதற்குத் தேவையான தூரம் அங்குலத்தில் வரும். 43 இன்ச்சுக்கு ஏறக்குறைய 85 செ.மீ., 55-க்கு 110 செ.மீ. உங்கள் மேசையில் 55-ஐ வைத்தால் எழுத்தின் ஓரம் படிக்கட்டாகத் தெரியும். அகலம் 122 செ.மீ. என்பதால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கண்ணோடு கழுத்தும் திரும்ப வேண்டும். உயரம் வேறு 68 செ.மீ.; மேல் விளிம்பு கண் மட்டத்தைத் தாண்டிப் போய்விடும். புரோகிரசிவ் கண்ணாடி போடுபவர் என்றால் தாடையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தே பிடரி வலிக்கும்.

40 அல்லது 43-தான் உங்களுக்கு உச்சவரம்பு. 48-க்கு மேல் கட்டாயம் வேண்டுமென்றால் சுவரில் மாட்டிவிட்டு மேசையை முன்னுக்கு இழுங்கள். கண்ணுக்கும் திரைக்கும் ஒரு மீட்டராவது இருக்கட்டும்.

கேள்வி: அப்போ 32 இன்ச் 4கே மானிட்டர் நல்லதா, 43 நல்லதா? ரெண்டும் ஒரே பிக்சல்தானே?

பிக்சல் ஒன்று, பயன் வேறு. 43-ல் விண்டோஸ் ஸ்கேலிங்கை (எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் அளவு) 100 சதவீதத்திலேயே வைத்துப் படிக்கலாம். முழு 3840×2160 இடமும் உங்களுக்கே. 32-ல் பெரும்பாலானவர்களுக்கு 125 அல்லது 150 தேவைப்படும். 150-ல் வைத்தால் கிடைக்கும் இடம் 2560×1440 அளவுக்குச் சுருங்கும், எழுத்து மட்டும் இன்னும் கூர்மையாக இருக்கும். நிறைய சன்னல்களைப் பரப்பி வைப்பவருக்கு 43. நாள் முழுக்க எழுத்தையே பார்ப்பவருக்கு, படம் திருத்துபவருக்கு 32. 43 எடுத்தால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் இருக்கும், சன்னல்களைக் கட்டம் பிரித்து அடுக்கும் ஃபேன்சிசோன்ஸை நிறுவிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அவ்வளவு பெரிய திரையில் சன்னலை இழுத்து இழுத்து ஒழுங்குபடுத்துவது தனி வேலையாகிவிடும்.

கேள்வி: அண்ணா, புது 4கே டிவி. வெள்ளைப் பின்னணியில கருப்பு எழுத்து அருமையா இருக்கு. ஆனா எடிட்டர்ல கருப்பு மேல சிவப்பு, நீல எழுத்து எல்லாம் ஈரத்துல மை ஊறின மாதிரி இருக்கு. பேனல் கோளாறா?

பேனல் மேல் பழி போடாதீர்கள். நிறத் தகவலைப் பாதி வழியில் யாரோ வெட்டுகிறார்கள். வீடியோ உலகத்தில் வெளிச்சத்தை முழு அளவிலும் நிறத்தைக் குறைத்தும் அனுப்புவது வழக்கம். 4:4:4 என்றால் ஒவ்வொரு பிக்சலுக்கும் தன் சொந்த நிறம். 4:2:2-ல் பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்சல் ஒரு நிறத்தைப் பங்கு போடும். 4:2:0-வில் நான்கு பிக்சல் கொண்ட சதுரத்துக்கே ஒரு நிறம். சினிமா பார்க்கும்போது கண் கண்டுபிடிக்காது. ஒரு பிக்சல் தடிமனுள்ள சிவப்புக் கோட்டில் உடனே தெரிந்துவிடும். கருப்பு வெள்ளை எழுத்து தப்பித்ததற்குக் காரணம், அதில் நிறமே இல்லை, வெளிச்சம் மட்டும்தான்.

மூன்று இடத்தில் பாருங்கள், இந்த வரிசையிலேயே.

முதலில் டிவியின் எச்டிஎம்ஐ போர்ட். பல டிவிகளில் போர்ட் பழைய முறையில் பூட்டியே வரும். அந்த நிலையில் 4கே 60 ஹெர்ட்ஸை (விநாடிக்கு 60 படம்) 4:2:0-வில் மட்டும்தான் வாங்குவேன் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லும். செட்டிங்ஸில் எல்ஜியில் ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’, சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’ (பழையவற்றில் ‘யுஎச்டி கலர்’), சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மட்’ என்று இருக்கும். போர்ட்டுக்குப் போர்ட் தனித்தனியாக இயக்க வேண்டும்.

இரண்டாவது, அந்த இன்புட்டுக்கு ‘பிசி’ என்று பெயர் வைப்பது. எல்ஜியிலும் சாம்சங்கிலும் இது வெறும் பெயர்ப்பலகை மாதிரித் தோன்றும். உண்மையில் அந்த ‘பிசி’ சின்னத்தைத் தேர்ந்தால்தான் டிவி 4:4:4-ஐ உள்ளே சிதைக்காமல் கடத்தும். சோனியில் ‘கிராபிக்ஸ்’ அல்லது ‘கேம்’ பட முறை.

மூன்றாவது கிராபிக்ஸ் கார்டு மென்பொருள். அவுட்புட் ஃபார்மட்டில் ஆர்ஜிபி அல்லது ஒய்சிபிசிஆர் 444 இருக்க வேண்டும்.

சரியாயிற்றா என்று சோதிக்க ஸ்கேலிங்கை 100-ல் வைத்து, பெயின்ட்டில் ஒரு பிக்சல் சிவப்பு, ஒரு பிக்சல் நீலம் என்று மாற்றி மாற்றிச் செங்குத்துக் கோடு போடுங்கள். அருகில் போய்ப் பார்த்தால் கோடு கோடாகப் பிரிய வேண்டும். ஊதாப் பட்டையாகக் கலந்தால் இன்னும் எங்கோ வெட்டு விழுகிறது.

கேள்வி: மவுஸ் இழுத்து இழுத்துப் போகுது. செட்டிங்ஸ்ல 4கே, 30 ஹெர்ட்ஸ்தான் காட்டுது. கேபிள் மாத்தணுமா?

கேபிளுக்கு முன்னால் இரண்டு முனையையும் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 விநாடிக்கு 10.2 ஜிகாபிட், முழு நிறத்தோடு 4கே 30 ஹெர்ட்ஸ்தான். 2.0 என்றால் 18 ஜிகாபிட். 4கே 60 ஹெர்ட்ஸ், 8 பிட் (ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படி), 4:4:4 வரை சரியாக அடங்கும். 10 பிட் வேண்டுமென்றால் 4:2:2-க்கு இறங்க வேண்டிவரும். 2.1-ல் 48 ஜிகாபிட் வரை உண்டு. 4கே 120 ஹெர்ட்ஸுக்கு அதுதான் வழி. ஆனால் ‘2.1’ என்று அட்டையில் எழுதியிருந்தால் மட்டும் நம்ப வேண்டாம். எத்தனை போர்ட்டில், எத்தனை ஹெர்ட்ஸ் என்று கையேட்டில் தேடுங்கள். ஒரே டிவியில் இரண்டு போர்ட் வேகமாகவும் இரண்டு மெதுவாகவும் இருப்பது சகஜம்.

லேப்டாப்பில் யுஎஸ்பி-சி டாக் (போர்ட்களைக் கூட்டித் தரும் பெட்டி) வழியாகப் போகிறதென்றால் அதுவே குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய டாக்குகள் நான்கு தடத்தில் இரண்டை யுஎஸ்பிக்கு எடுத்துக்கொண்டு இரண்டை மட்டும் படத்துக்கு விடும். அதில் 4கே 60 நுழையாது. அதேபோல் டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் மலிவான பாசிவ் அடாப்டரும் 30-லேயே நிற்கும். ‘ஆக்டிவ்’ என்று கேட்டு, 4கே 60 என்று எழுதியதை வாங்குங்கள். எதிர்த் திசையில், அதாவது கம்ப்யூட்டரின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு, சாதாரணக் கேபிள் வேலை செய்யாது.

கேபிள் மோசமென்றால் அறிகுறி வேறு: வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், அல்லது திரை இரண்டு விநாடி கருத்துத் திரும்பும். 18 ஜிகாபிட்டுக்கு ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’, 48-க்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ முத்திரை பாருங்கள். செம்புக் கம்பி கேபிள் முதல் வகையில் 5 மீட்டர், இரண்டாவதில் 3 மீட்டர் தாண்டினால் சந்தேகம்தான். அதற்கு மேல் ஆப்டிகல் கேபிள். அதற்கு ஒரு முனை கம்ப்யூட்டருக்கு, மறுமுனை டிவிக்கு என்று திசை உண்டு, மாற்றிச் செருகினால் படமே வராது.

கேள்வி: டாஸ்க்பார் பாதி வெட்டிப் போச்சு.

ஓவர்ஸ்கேன்: டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகிறது. டிவியின் பட அளவு மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, ‘டாட் பை டாட்’ இவற்றில் எது இருக்கிறதோ அதைத் தேருங்கள். கிராபிக்ஸ் மென்பொருளில் அளவைச் சுருக்கிச் சரிக்கட்ட வேண்டாம். படம் உள்ளே வரும், ஆனால் எல்லா எழுத்தும் மங்கும்.

கேள்வி: கருப்பு சாம்பலாத் தெரியுது. பிரைட்னஸ் குறைச்சா எல்லாமே இருட்டாயிடுது.

கருப்பு முதல் வெள்ளை வரையிலான வெளிச்சத்தைக் கம்ப்யூட்டர் 16 முதல் 235 வரையான எண்களில் அனுப்புகிறது, டிவி 0 முதல் 255 வரை எதிர்பார்க்கிறது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் ‘அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்’ என்பதை ‘ஃபுல்’ ஆக்குங்கள். டிவியின் ‘பிளாக் லெவல்’ அதற்குப் பொருந்தட்டும். தலைகீழாகப் பொருந்தாவிட்டால் இருட்டுப் பகுதியில் விவரமே மறைந்துவிடும். கையோடு ஷார்ப்னஸையும் இறக்குங்கள். சாம்சங்கில் 0 என்பது நடுநிலை, சோனியில் 50. 0 என்றாலே நடுநிலை என்று எல்லா டிவிக்கும் பொருத்தினால் சோனியில் எழுத்து மழுங்கிவிடும்.

கேள்வி: 4:4:4 சோதனை பாஸ். இருந்தும் எழுத்து ஓரத்துல பச்சை, சிவப்பு நிழல்.

ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் மூன்று துண்டு என்று நினைத்துத்தான் விண்டோஸின் கிளியர்டைப் எழுத்தைச் செதுக்குகிறது. சில 43 இன்ச் பேனல்களில் வரிசை தலைகீழ்: நீலம், பச்சை, சிவப்பு. கிளியர்டைப் டியூனரை ஓட்டி, தெளிவாகத் தெரியும் மாதிரியைத் தேர்ந்தால் அடங்கும். லினக்ஸில் ஃபான்ட்கான்ஃபிகில் பிஜிஆர் என்று சொல்லிவிடலாம். ஓலெட் (பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் பேனல்) என்றால் முழுத் தீர்வு கிடையாது: எல்ஜி வகையில் நான்காவதாக வெள்ளைத் துண்டு இருக்கிறது, கியூடி-ஓலெட்டில் மூன்றும் முக்கோணமாக அமர்ந்திருக்கின்றன. 42 இன்ச்சில் கண்ணுக்குப் படும். 32 இன்ச் 4கேயில் பிக்சல் நெருக்கத்தால் பெரும்பாலும் மறையும்.

கேள்வி: தினம் 10 மணி நேர வேலை. ஓலெட் வாங்கலாமா ஐயா?

விளையாட்டும் படமும் பாதி என்றால் வாங்குங்கள். பத்து மணி நேரமும் ஒரே எடிட்டர், ஒரே டாஸ்க்பார் என்றால் வேண்டாம். அசையாத பகுதி தேய்ந்து தடம் விழுவது ஒரு பக்கம். அன்றாட எரிச்சல் இன்னொரு பக்கம்: வெள்ளைப் பக்கம் முழுத் திரைக்கு வந்தால் வெளிச்சத்தைத் தானே குறைக்கும், சில நிமிடம் படம் அசையாவிட்டால் இன்னும் மங்கும்.

வாங்கியே தீருவேன் என்றால் டாஸ்க்பாரை மறைத்து வையுங்கள், கருப்பு வால்பேப்பர், 5 நிமிடத்தில் ஸ்கிரீன்சேவர். முக்கியமாக, இரவில் சுவிட்ச்போர்டில் அணைக்காதீர்கள். ஓலெட் டிவி ஏறத்தாழ 4 மணி நேரம் ஓடிய பின் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் பேனலைச் சீர்செய்துகொள்ளும். மின்சாரத்தையே துண்டித்தால் அந்த வேலை நடக்காது.

கேள்வி: விஏ பேனலா, ஐபிஎஸ்ஸா?

இரண்டும் எல்சிடி பேனல் வகைகள். கிட்டத்தில் உட்கார்ந்தால் ஐபிஎஸ். 43 இன்ச்சின் அகலம் 95 செ.மீ.; 60 செ.மீ. தூரத்தில் நேர் நடுவே இருந்தாலும் ஓரத்தை 38 டிகிரி சாய்வில்தான் பார்க்கிறீர்கள். விஏயில் அந்தச் சாய்வுக்கே நிறம் வெளிறும். 90 செ.மீ.க்குப் போனால் 28 டிகிரி, பொறுத்துக்கொள்ளலாம். இருட்டறையில் படம் பார்ப்பதற்கு விஏயின் கருப்பு அழகு, அதை மறுக்க முடியாது. லோக்கல் டிம்மிங் (பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைப்பது) இருந்தால் கம்ப்யூட்டருக்கு அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கருப்பு சன்னலில் மவுஸ் போகுமிடமெல்லாம் ஒரு ஒளிவட்டம் கூடவே போகும்.

கேள்வி: ரெண்டு மணி நேரத்துல தலைவலி.

டிவிகள் வரவேற்பறைக்குச் செய்யப்பட்டவை. அந்த வெளிச்சம் 80 செ.மீ.யில் கண்ணைக் குத்தும். பேக்லைட்டை (திரையின் பின்விளக்கை) நன்றாகக் குறையுங்கள். குறைத்த பிறகு வலி கூடினால் பேக்லைட் துடிக்கிறது என்று சந்தேகப்படலாம்: சில டிவிகள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை வேகமாக அணைத்து அணைத்து எரிக்கும். வெள்ளைத் திரைக்கு முன் பென்சிலை விசிறி மாதிரி ஆட்டுங்கள். தனித்தனிப் பென்சில்களாக எண்ண முடிந்தால் துடிப்பு உண்டு. அப்படியானால் பேக்லைட்டை உயர்த்தி, கிராபிக்ஸ் மென்பொருளில் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளை வேறுபாடு கொஞ்சம் போகும். அதுவும் உதவாவிட்டால் டிவியை மாற்றுவதுதான்.

கேள்வி: டைப் அடிச்சா எழுத்து லேட்டா வருது.

‘கேம்’ அல்லது ‘பிசி’ முறை. அவை இல்லாமல் டிவி படத்தை மெருகேற்ற 50 முதல் 100 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்ளும்; அவற்றில் 10 முதல் 20-க்குள் வரும். மோஷன் ஸ்மூதிங் (அசைவை வழவழப்பாக்கும் வசதி) எந்தப் பெயரில் இருந்தாலும் அணைக்கவும்.

கேள்வி: மேக் மினிக்கு?

2018-ல் வந்த மொஹாவியிலிருந்து மேக்ஓஎஸ், மேலே சொன்ன கிளியர்டைப் மாதிரியான துண்டுப் பிக்சல் செதுக்கலை விட்டுவிட்டது. அங்குலத்துக்கு 110 சுற்றி அல்லது 220 சுற்றி இருந்தால் அதற்கு நிம்மதி. 40, 43 இன்ச் 4கே முதல் கூட்டத்தில் வரும், எழுத்து சற்று மென்மையாக இருக்கும். 27 இன்ச் 4கே 163-ல் நடுவில் மாட்டிக்கொள்கிறது. 2560×1440 போலக் காட்டச் சொன்னால் 5120×2880-ல் வரைந்து சுருக்குகிறது, கிராபிக்ஸுக்குக் கூடுதல் சுமை.

கேள்வி: கம்ப்யூட்டர் தூங்கினா டிவியும் தூங்க மாட்டேங்குது. காலைல ரிமோட் தேட வேண்டியிருக்கு.

இது டிவியோடு வாழ்வதன் விலை. மானிட்டர் சிக்னல் நின்றால் உறங்கி, வந்தால் விழிக்கும். டிவி ‘சிக்னல் இல்லை’ என்று பலகை காட்டிச் சில நிமிடம் கழித்து அணையும், தானே எழாது. டிவிகளில் இதற்கென்று சிஇசி என்ற வசதி இருந்தாலும் பெரும்பாலான கிராபிக்ஸ் கார்டுகள் அதைப் பேசுவதில்லை. இடையில் செருகும் யுஎஸ்பி சிஇசி அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது. நெட்வொர்க்கில் இருக்கும் டிவி என்றால் கம்ப்யூட்டரிலிருந்தே எழுப்பும் சிறு மென்பொருள்களும் உண்டு. ரிமோட் தொடாமல் 4 மணி நேரம் ஓடினால் தானாக அணையும் ‘எனர்ஜி சேவிங்’ அமைப்பையும் தேடி நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் மீட்டிங் நடுவில் இருட்டாகும்.

கேள்வி: கடைக்குப் போறேன். அட்டையில எதை நம்பக் கூடாது?

‘4கே சப்போர்ட்’ என்பதை. 4கே சிக்னலை வாங்கிச் சுருக்கிக் காட்டும் திரைக்கும் அப்படி எழுதலாம். ‘நேட்டிவ் ரெசல்யூஷன் 3840×2160’ என்று இருக்கிறதா பாருங்கள். அடுத்து, விலை குறைந்த சில 4கே எல்சிடி டிவிகள் ஆர்ஜிபிடபிள்யூ பேனல்: துண்டுகளில் சிலவற்றை வெள்ளைக்குக் கொடுத்து மொத்த எண்ணிக்கையை மட்டும் 4கே என்று காட்டும், நிற எழுத்து எந்த செட்டிங்கிலும் தெளியாது. போனின் கேமராவை முழு ஜூமில் வைத்து வெள்ளைப் பகுதியைப் படமெடுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வந்தால் எடுக்கலாம். நடுவில் வெள்ளைக் கட்டம் எட்டிப் பார்த்தால் அடுத்த டிவிக்கு நகருங்கள்.