கேமைக் கடை எடுக்கவில்லை என்றால் பையனுக்கு வராது என்று அர்த்தமா?

மேலூரிலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகன் சொந்தமாக ஒரு கேம் செய்து, ஜிஓஜி என்ற இணையக் கடைக்கு அனுப்பியிருக்கிறான். வேண்டாம் என்று பதில் வந்துவிட்டது. இனி வங்கித் தேர்வுக் கோச்சிங்கில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்தக் கடைகள் எப்படிச் சரக்கு எடுக்கின்றன என்று பார்த்துவிடுவோம். ஜிஓஜி போலந்துக்காரர்களின் கடை. 2008-ல் பழைய கணினி கேம்களை விற்கத் தொடங்கியது. வருகிற கேம்களை ஆட்களே பார்த்து, தங்கள் வாடிக்கையாளர் வாங்குவாரா என்று கணக்குப் போட்டுத்தான் எடுப்பார்கள். மளிகைக் கடை வைத்திருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புது மசாலாக் கம்பெனி ஏஜென்ட் வந்தால் எல்லாவற்றையுமா அடுக்கி வைக்கிறீர்கள்? அவர்கள் கணக்கும் தப்பும். ‘ஓபஸ் மேக்னம்’ என்ற புதிர் கேமை முதலில் வேண்டாம் என்று திருப்பியவர்கள், பிறகு மனம் மாறி விற்பனைக்கு எடுத்தார்கள்.

ஸ்டீம் என்பது கணினி கேம் விற்கும் இன்னொரு பெரிய இணையக் கடை. அதன் நடைமுறை வேறு. 2012-ல் கிரீன்லைட் என்று கொண்டுவந்து, எந்த கேம் வர வேண்டும் என்று விளையாடுகிறவர்களையே ஓட்டுப் போடச் சொன்னார்கள். ஓட்டுக்கு இலவசப் பிரதி கொடுக்கும் கூத்தெல்லாம் நடந்தது (நம்மூருக்குப் புதிதா என்ன!). 2017-ல் அதை மூடிவிட்டு, ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம் என்று வைத்தார்கள். விற்பனை 1,000 டாலரைத் தொட்டால் அந்தப் பணம் திரும்ப வரும். கேம் ஓடுகிறதா, வைரஸ் இருக்கிறதா, கடைப் பக்கத்தில் சொன்னது உள்ளே இருக்கிறதா என்று சோதிப்பார்கள். நன்றாக இருக்கிறதா என்பது அவர்கள் கவலை இல்லை. அதனால் உள்ளே போவது சுலபம், ஆள் கண்ணில் படுவதுதான் பெரும்பாடு. வெளியாகும் முன்பே எத்தனை பேர் விஷ்லிஸ்டில் (வாங்க நினைப்பவற்றின் பட்டியலில்) சேர்த்தார்கள், வந்ததும் எப்படி விற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கடை அதை முன்னால் காட்டும். வாங்கியவர் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விற்பனையில் 30 சதவீதம் கடைக்கு.

ஆகவே ஜிஓஜி திருப்பியதை வைத்து மகனை எடைபோடாதீர்கள். நாளைக்கே ஸ்டீமில் ஏறிவிட்டாலும் அதை வைத்து வேலையே கிடைத்துவிட்டது போல் குதிக்க வேண்டாம்.

தம்பியிடம் கேமை இட்ச்.ஐஓ என்ற இணையதளத்தில் போடச் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது. முன்பின் தெரியாதவர்கள் விளையாடி எந்த இடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று பார்த்துத் திருத்தட்டும். அதன்பிறகும் தெம்பு இருந்தால் 100 டாலர் கட்டலாம். அதற்கு மேல் கடன் வாங்காதீர்கள். லட்சக்கணக்கில் கேட்கும் கேம் டிசைன் டிப்ளமோ என்றால், அங்கே படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று நேரில் விசாரிக்காமல் பணம் கட்ட வேண்டாம்.

பெரிய ஸ்டூடியோ வேலைகள் பெங்களூரு, ஹைதராபாத், புனே பக்கம்தான் அதிகம். நேர்முகத்தில் முடித்துக் காட்டிய ஒரு கேம் பேசும். புரோகிராமிங் மட்டுமல்ல, வெளியாகும் முன் கேமைச் சோதிக்கும் டெஸ்டிங் வேலையும் இருக்கிறது.

வங்கித் தேர்வுக்கு எப்படியும் டிகிரி முடித்திருக்க வேண்டும். அதனால் கோச்சிங்குக்கு இப்போது அவசரமில்லை. மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் அவனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூவருமாக உட்கார்ந்து பேசுவோம். அரியர் மட்டும் வைக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.