கணவர் வளைகுடாவில் இருக்கிறார், கார் வீட்டில் சும்மா நிற்கிறது. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து வைத்தால் போதுமா?

போதாது. அவசரமாகப் பதில் தேடி வந்தவர்கள் இதோடு கிளம்பலாம்.

கேள்விக்குக் கீழே சின்னதாக ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "எனக்கு ஓட்டத் தெரியாது, சாவி கொழுந்தனிடம் இருக்கிறது." அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். ஊர் எது என்று நீங்கள் சொல்லவில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் என்றே வைத்துக்கொள்கிறேன். கருங்கல், திங்கள்சந்தை, குளச்சல் பக்கம் எந்தத் தெருவுக்குள் போனாலும் இந்தக் காட்சிதான். பெரிய கேட், உள்ளே உறை போர்த்திய கார், வீட்டுக்காரர் துபாயிலோ மஸ்கட்டிலோ. அவர் லீவில் வரும் ஒரு மாதம் கார் ஓடும். மற்ற மாதமெல்லாம் முற்றத்துக்கு அழகாக நிற்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறவள். "டீச்சருக்கு என்ஜினைப் பற்றி என்ன தெரியும்" என்று யாராவது வருவீர்கள். வாருங்கள். என்ஜினைப் பற்றி நான் பேசப்போவதே இல்லை. பேட்டரி, துரு, ஈரம் இந்த மூன்றும் என் பாடத்தில் வருகிறவை, அதில் கொஞ்சம் உரிமையோடு பேசுவேன்.

கார் வாங்கிக் கொடுத்துவிட்டு என் வீட்டுக்காரர் திரும்பிப் போனதும் பொறுப்பைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டார். "நீங்க இதுல கெடந்து மெனக்கெட வேண்டாம் மைனி. வாரத்துல ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டா மதி." ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேரே வருவார். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்வார். ஏசி போடுவார், பாட்டு போடுவார், போனையும் சார்ஜில் போட்டுக்கொள்வார். யாரிடமாவது பேசி முடிக்கும்வரை என்ஜின் ஓடும். அப்புறம் அணைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார்.

ஆடி மாதம், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. மீட்டரில் விளக்கெல்லாம் மங்கி அணைந்துபோயிற்று. ஜங்ஷனிலிருந்து மெக்கானிக் வந்தார், வேறொரு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தார். சரி, ஒழிந்தது என்று கியரைப் போட்டால் வண்டி நகரவில்லை. என்ஜின் உறுமுகிறது, பின்சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஹேண்ட்பிரேக் இறங்கித்தான் இருந்தது. கொழுந்தன் முகம் வெளுத்துவிட்டது. மெக்கானிக் ஒன்றும் பேசாமல் குனிந்து, பின்சக்கரத்து டிரம்மைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஏறி உட்கார்ந்து முன்னும் பின்னும் லேசாக அசைத்தார். டொக் என்று ஒரு சத்தம் கேட்டது, வண்டி உருண்டது.

நடந்தது இதுதான். ஸ்டார்ட் ஆகும் அந்த ஓரிரு நொடியில் ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வாரி இழுக்கிறது. அதைத் திருப்பி ஏற்ற வேண்டியது ஆல்டர்னேட்டர். நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் என்ஜினில் அது உற்பத்தி செய்வதே குறைவு. அதிலும் ஏசியும் பாட்டும் சார்ஜரும் பங்கு கேட்டால் பேட்டரிக்கு என்ன மிஞ்சும்? வண்டி நிற்கும்போதும் கடிகாரம், ரிமோட் பூட்டு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆக, பேட்டரியைக் காப்பாற்றுவதாகச் சொல்லி வாராவாரம் அதைக் காலி செய்திருக்கிறார். சார்ஜ் இறங்க இறங்கத் தகடுகளில் ஈய சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் ஏறினால் அது பழையபடி மாறிவிடும். இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் படிகம் பெரிதாகி இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு ஏற்றினாலும் முழுதாக மாறாது. வருடா வருடம் நான் கரும்பலகையில் எழுதிப்போடுகிற சமன்பாடுதான் இது.

பின்சக்கரத்துக் கதை வேறு. டிரம் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புக் கிண்ணம். சின்ன கார்களில் பெரும்பாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால், பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் பிரேக் ஷூ அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும். மழை ஈரமும் கடற்கரை உப்புக்காற்றும் சேர்ந்தால் டிரம்மின் உள்பக்கம் துருவேறும், ஷூ அதோடு ஒட்டிக்கொள்ளும். நாள்கணக்கில் நிற்கப்போகும் காருக்கு, தரை சமமாக இருந்தால், ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ மரக்கட்டையோ வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது வண்டி கியரில் நிற்பது ஓர்மை இருக்கட்டும், கிளட்ச்சை முழுதாக மிதித்துக்கொண்டுதான் சாவியைத் திருப்ப வேண்டும். சரிவான முற்றத்தில் இந்த வேலை வேண்டாம். கார் உருண்டு பக்கத்து விளையில் போய் நின்றால் நான் பொறுப்பில்லை.

மெக்கானிக் போகும்போது சொன்னது: "டீச்சர், இது ஓடுறதுக்கு உள்ள சாதனம். வாரத்துல ஒருக்கா அரை மணிக்கூராவது ரோட்டுல ஓடணும்." என்ஜினும் சைலன்சரும் நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேறும். ஐந்து நிமிடச் சூட்டில் ஈரம் சேருமே தவிரப் போகாது. "சரி, யாரு ஓட்டுவா?" என்று மாமி கேட்டார். கொழுந்தன் வேறு எங்கேயோ பார்த்தார். நான் மறுநாளே எல்.எல்.ஆருக்கு, அதாவது பழகுநர் உரிமத்துக்கு, விண்ணப்பித்தேன்.

இப்போது உங்களுக்கு. நீங்களே படித்துக்கொள்ளுங்கள். பழகுநர் உரிமம் 6 மாதத்துக்குச் செல்லும், 30 நாள் கழிந்ததும் நிரந்தர உரிமத்துக்குப் போகலாம். பயிற்சிக் காரில் ஆசானின் காலடியிலும் ஒரு கிளட்ச்சும் பிரேக்கும் இருக்கும். நாம் ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பாதி நேரம் ஓட்டுகிறவர் அவர்தான். "கிளட்ச்சை முழுசா சவுட்டுங்க டீச்சர்" என்பதைத் தாண்டி என் ஆசான் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. டெஸ்ட்டில் தேறினேன். ஆனால் சொந்த முற்றத்திலிருந்து காரை வெளியே எடுப்பது வேறு விஷயம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நிலம் தெரிந்தவர்களுக்குப் புரியும். வீடு பள்ளத்தில், ரோடு மேட்டில், நடுவே செம்மண்ணை வெட்டிப் போட்ட ஒற்றைக் கார் வழி. ஏற்றம் முடிகிற இடத்திலேயே ரோடு. அங்கே நிறுத்தி இரு பக்கமும் பார்த்துத்தான் ஏற முடியும். நின்ற வண்டி மறுபடி கிளம்பும்போது பின்னால் உருளும்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, முற்றத்தில் நானே பழகினேன். சமதரையில், ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஆரம்பியுங்கள். கிளட்ச்சை மிதித்து முதல் கியர் போட்டு, பாதத்தை மெல்ல மெல்ல எழுப்புங்கள். ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் கனத்து இறங்கும், ஸ்டியரிங்கில் லேசான நடுக்கம் தெரியும், பானட் ஒரு விரற்கடை எழும்பும். கிளட்ச் பிடிக்கிற இடம் அது. அங்கேயே காலை நிறுத்தினால் கார் தானாக ஊர்ந்து போகும். அந்த இடம் காலுக்குப் பழகும்வரை முற்றத்தை விட்டு வெளியே போகாதீர்கள். பழகியபின் ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்துக்கொண்டு இதையே செய்யுங்கள், ஆக்சிலேட்டர் கொஞ்சம் கூடுதலாக. பானட் எழும்பும்போது ஹேண்ட்பிரேக்கை விட்டால் வண்டி முன்னால்தான் போகும். ஆனால் ரோட்டில் இடம் கிடைக்கும்வரை அரை கிளட்ச்சிலேயே வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்கக் கூடாது. அதற்குத்தான் பிரேக் இருக்கிறது. கருகின வாடை வந்தால் கிளட்ச் பிளேட் தேய்கிறது என்று அர்த்தம். "ஆட்டோமேட்டிக் வாங்கினால் இந்தப் பாடே இல்லையே" என்பவர்களுக்கு: வாங்கிக்கொடுங்கள், ஓட்டுகிறேன்.

இன்னொன்று, காரோடு வந்த கையேட்டைப் படியுங்கள். எங்களுடையது டேஷ்போர்டு அறைக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே கிடந்தது. ஒருநாள் சாவி திரும்பவில்லை என்று கொழுந்தன் மெக்கானிக்குக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினேன், திரும்பியது. நிறுத்திய பிறகு ஸ்டியரிங் அசைந்தால் அது பூட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு என்பதும் அதில்தான் இருக்கிறது. ஆயில் விளக்கு சிவப்பாக எரியும்போது "வீடு வரை போய்விடலாம்" என்று ஓட்டுகிற ஆண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். எல்லா ஆண்களையும் சொல்லவில்லை.

அடுத்த லீவுக்கு அவர் வந்தபோது திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போனது நான்தான். வழக்கமாக வேன் பிடித்துக் குடும்பமே போகும். டிக்கியில் பெட்டியை வைத்துவிட்டுச் சாவிக்குக் கை நீட்டினார். நான் போய் வலப்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். பாலராமபுரம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நெய்யாற்றின்கரையில் பஸ் ஒன்று குறுக்கே வந்தபோது மிதியடியை வலது காலால் ஓங்கி மிதித்தார், பிரேக் என் பக்கம் இருப்பதை மறந்து. களியக்காவிளை தாண்டினால் எதிரே கல் ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி வருகின்றன, கூடவே மழையும் பிடித்துக்கொண்டது. உள்ளே கண்ணாடி புகைபோல மூடிக்கொண்டது. அவர் துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். நான் ஏசியைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பினேன், உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்தேன். குழித்துறைப் பாலம் வருவதற்குள் கண்ணாடி தெளிந்துவிட்டது. நம் மூச்சின் ஈரம்தான் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது, ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சும். "இது யாரு சொல்லித்தந்தா?" என்றார். கையேட்டை எடுத்து மடியில் வைத்தேன்.

நிறுத்தும் இடம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தென்னைக்குக் கீழே வேண்டாம். இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. பக்கத்து வீட்டுத் தென்னை காம்பவுண்டைத் தாண்டி எங்கள் முற்றத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது. காய் விழுந்து காரின் கூரை ஒடுங்கியது. கேட்டால், "காருக்கு முன்னாலேயே மரம் இருக்கு" என்கிறார். வெட்டவும் மாட்டார், கயிறு போட்டுக் கட்டவும் மாட்டார். ஆனால் விழுந்த காயை எடுக்க மட்டும் கேட்டைத் திறந்துகொண்டு வருவார். புகாரும் கொடுத்தாயிற்று. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், அவர் வெட்டிக் கொடுத்த இளநீரைக் குடித்தார்கள், போனார்கள். சரி, அது போகட்டும்.

ரப்பர் தோட்டத்துப் பக்கம் வீடு என்றால் இலை உதிரும் காலத்தில் பானட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே உள்ள குழியில் அடைந்த இலையை வாரிப் போடுங்கள். அடைத்தால் மழைத்தண்ணீர் காருக்குள்ளேயே இறங்கும். கடலோரம் என்றால் அடிப்பாகத்தையும் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு ஏறிய கிணற்றுத் தண்ணீரில் கழுவுவதற்குக் கழுவாமலே இருக்கலாம். ஈரத்தோடு பிளாஸ்டிக் உறை போர்த்தாதீர்கள். டயர் காற்றின் அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், ஓடிச் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்து. ஓட்டவே ஆள் இல்லாத மாதங்களில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிடுங்கள், அது வாரச் சடங்கைவிட எவ்வளவோ மேல்.

"கார் அவர் பெயரில் இருக்கிறதே, நான் ஓட்டி ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா" என்று இன்னொருவர் கீழே கேட்டிருக்கிறார். செல்லுபடியாகும் உரிமம் உள்ளவர் உரிமையாளரின் சம்மதத்தோடு ஓட்டலாம், வழக்கமான பாலிசியில் அப்படித்தான் இருக்கும். அவரவர் பாலிசியில் ஓட்டுநர் பற்றிய பத்தியை ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், புதுப்பிக்கச் சொல்லும் குறுஞ்செய்தி எல்லாம் அவருடைய இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம் அங்கே பெட்டிக்குள் அணைந்து கிடக்கும். இந்த வாரமே பாலிசியில் தொடர்பு எண்ணை உங்களுடையதாக மாற்றச் சொல்லுங்கள், புகைச் சான்றிதழின் தேதியையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.