முதல் குழந்தைக்குத் தலசீமியா இருந்தால், அடுத்த மூன்று குழந்தைகளும் நலமாகப் பிறக்குமா?

"நான்கில் ஒன்று என்று மருத்துவர் சொன்னார், அந்த ஒன்று எங்களுக்கு வந்துவிட்டது, ஆகவே இனிப் பயமில்லை என்று வீட்டில் சொல்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. தலசீமியா பெற்றோர் வழியாக வரும் இரத்த நோய்; பெற்றோர் இருவரும் அதைச் சுமந்தால், அடுத்த குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பும் அதே 25 விழுக்காடுதான், அதற்கடுத்த குழந்தைக்கும் அதேதான். வீட்டுப் பெரியவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள், உங்களுக்கு மட்டுமே மனம் உறுத்துகிறது என்று எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன், கல்லூரியில் புள்ளியியல் நடத்துபவன். மருத்துவம் படிக்காதவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்க வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சிகிச்சையைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. கேட்கப்பட்டிருப்பது நிகழ்தகவைப் பற்றிய கேள்வி, அது நான் அன்றாடம் புழங்கும் பாடம்.

என் சித்தி மகளைச் சொந்தத்திலேயே கட்டிக்கொடுத்தோம். முதல் பையன் ஒரு வயது நிறையும் முன்பே வெளிறிப்போனான். பரிசோதித்ததில் பீட்டா தலசீமியா மேஜர் என்று தெரிந்தது. அன்றிலிருந்து மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றுகிறார்கள்; அதனால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனியாக மாத்திரை. மருத்துவமனையில் யாரோ ஒருவர் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் நான்கு கட்டம் போட்டு, ஒன்றைப் பேனாவால் கறுப்பாக்கி, "நாலில் ஒண்ணு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது தங்கையின் மாமியார் அந்தச் சீட்டை விரித்து வைத்துக் கறுத்த கட்டத்தின்மேல் விரலை வைத்தார். "இது இவன். இது, இது, இது, மூணும் வரப்போற புள்ளைங்க. மூணும் வெள்ளையாத்தானே இருக்கு" என்றார். தங்கை ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள்.

அந்த நான்கு கட்டங்களும் நான்கு குழந்தைகள் அல்ல. ஒரே ஒரு குழந்தைக்கு உள்ள நான்கு வழிகள். இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நோயைச் சுமக்கும் தாயிடம் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் உண்டு, தந்தையிடமும் அப்படியே. ஒவ்வொருவரும் இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கிறார்கள். இரண்டு பழுதும் சேர்ந்தால் நோய். அடுத்த கரு உருவாகும்போது நான்கு கட்டங்களும் மறுபடி முழுதாகத் திறக்கின்றன. கட்டம் வரைந்தவர் இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்தில் அத்தனை பேச்சு நடந்திருக்காது.

மாப்பிள்ளையை உட்கார வைத்து இரண்டு நாணயங்களைக் கொடுத்தேன். ஒன்று தாய், மற்றது தந்தை. இரண்டிலும் தலை விழுந்தால் நோயுள்ள குழந்தை, தாளில் அதற்கு ஒரு வட்டம் என்று வைத்துக்கொண்டோம். நான்கு முறை சுண்டினால் ஒரு குடும்பம், தாளில் ஒரு வரி. சில வரிகளில் ஒரு வட்டமும் விழவில்லை. சிலவற்றில் இரண்டு விழுந்தன. ஒரு வரியில் முதல் இரண்டு இடங்களிலும் அடுத்தடுத்து வட்டம் விழுந்ததும் அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இப்படியும் ஒரு குடும்பம் இருக்குமா மச்சான்?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். கணக்கும் அதையே சொல்கிறது. பெற்றோர் இருவரும் நோயைச் சுமக்கும், நான்கு பிள்ளைகள் உள்ள 256 குடும்பங்களை எடுத்துக்கொண்டால், சராசரியாக 81 குடும்பங்களில் ஒரு பிள்ளைக்கும் நோய் இராது, 108 குடும்பங்களில் சரியாக ஒரு பிள்ளைக்கு இருக்கும், மீதி 67 குடும்பங்களில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இருக்கும். உங்கள் வீட்டார் உறுதி என்று நம்பும் "அடுத்த மூன்றும் நலம்" என்பதற்கான வாய்ப்பு 64இல் 27, அதாவது ஏறத்தாழ 42 விழுக்காடு. பாதிகூட இல்லை.

மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் 1866இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதற்குச் சான்று உண்டு. மொத்தம் 7324 பட்டாணி விதைகளில் 5474 உருண்டையானவை, 1850 சுருங்கியவை; மூன்றுக்கு ஒன்று, அதாவது நான்கில் ஒன்று சுருங்கியது என்னும் விகிதம் அழகாகத் தெரிகிறது. ஆனால் ஒரு செடியில் 43 உருண்டைக்கு 2 சுருங்கியவை, இன்னொன்றில் 14க்கு 15 என்று செடிக்குச் செடி வேறுபட்டதையும் அவர் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். ஆயிரக்கணக்கில் தெரியும் விகிதம் ஒரு செடிக்குக் கட்டுப்படாதபோது, இரண்டு மூன்று பிள்ளைகள் பெறும் ஒரு வீட்டில் மட்டும் எப்படி வரிசை தவறாமல் வந்து நிற்கும்?

பெரியவர்களை அறியாதவர்கள் என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். ஆண் வாரிசு வேண்டி நின்ற தந்தையர், அந்த மாதம் ஊரில் ஆண் குழந்தைகள் நிறையப் பிறந்தால் தமக்குப் பெண்தான் பிறக்கும் என்று கவலைப்பட்டதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் 1814ஆம் ஆண்டு நூலில் எழுதியிருக்கிறார். உளவியலாளர்கள் டுவெர்ஸ்கியும் கானமனும் 1971இல், ஆராய்ச்சியாளர்களே சிறிய மாதிரியும் முழுமையைப் போலவே இருக்கும் என்று நம்புவதைக் காட்டினார்கள். மனித மனம் வரிசைகளை அப்படித்தான் படிக்கிறது.

என் ஆற்றாமையெல்லாம் நம் வகுப்பறைகள் மேல்தான். உயிரியல் வகுப்பில் 3:1 என்று மதிப்பெண்ணுக்கு எழுத வைக்கிறோம். கணித வகுப்பில் ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்குப் பகடையை உருட்டுகிறோம். இரண்டும் ஒரே பாடம் என்று மாணவரிடம் சொல்ல ஆளில்லை. சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள மாநிலத்தில் இது சிறு குறையன்று.

உங்களைப் பிள்ளை பெற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் நான்கில் மூன்று பங்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் கருத்தரிக்கும் முன்பே உங்கள் இருவரின் மரபணுவிலும் பழுது எந்த இடத்தில் என்று பரிசோதித்து வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால்தான் 11ஆவது வாரத்தையொட்டி நச்சுக்கொடித் திசுவை எடுத்துக் கருவைப் பரிசோதிக்க முடியும். பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், ஹீமோகுளோபின் குறைபாடுகளைக் கண்டறியும் சோதனையை அனுமதிக்கிறது. உங்கள் உடன்பிறந்தவர்களும் கணவரின் உடன்பிறந்தவர்களும் திருமணப் பேச்சைத் தொடங்கும் முன், நோயைச் சுமப்பவரா என்று காட்டும் ஹீமோகுளோபின் ஏ2 அளவை இரத்தத்தில் பார்த்துவிட வேண்டும். சொந்தத்தில் பேச்சு நடக்கிறதென்றால் பெண், மாப்பிள்ளை இருவருக்கும் பார்க்கச் சொல்லுங்கள்.